பேசாத பெட்டி

ஓசையைப் பெருக்கும் கருவிகள் இல்லாத நகர வாழ்வை இன்று எண்ணிப் பார்த்தலும் அரிது. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா நாள்களில் மாட வீதிகளில் திரளும் மக்களுக்கு அறிவிப்புகளைச் சொல்வது ஒலிபெருக்கியே. தியாகராய நகரின் கடைத்தெருவில் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையின் பெயரைக் கூறிப் பெற்றோரை அழைப்பதும் அதுவே. மழை மிகுந்து ஆற்றில் வெள்ளம் பெருகும் நாள்களில், அடையாற்றின் கரையில் வாழ்வோரை எச்சரிப்பதற்காக ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் தெருத்தெருவாகச் செல்வதும் உண்டு. அத்தகைய வேளையில் வண்டியில் உள்ள பெட்டி பேசாமற்போனால், இழக்க நேர்வது இசை இன்பம் மட்டுமன்று, உயிரும் ஆகலாம். ஆதலின், வண்டியில் வைத்த ஒலிக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அது ஏன் பழுதுறுகிறது, அப்பழுதை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை அறிதல் பயனுடையதாகும்.

வண்டியில் உள்ள வானொலி, இசைக்கருவி, பேசுவோரின் கையில் உள்ள மைக் ஆகியவை தரும் மின்குறி மிகவும் மெலிந்தது. அதனை வலிமை உடையதாக்கும் கருவிக்குப் பெருக்கி என்று பெயர். மக்கள் இதனை ஆம்ப்ளிபையர் என வழங்குவர். வலிமை பெற்ற மின்குறியை ஓசையாக மாற்றுவது ஒலிபெருக்கி. பெருக்கியின் உள்ளே இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, ஒலியைச் சுமக்கும் மின்குறியைப் பெருக்கும் ஒலிப்பகுதி. மற்றொன்று, ஒலிப்பகுதிக்கு வேண்டிய மின்சாரத்தை வேண்டிய அளவில் ஆக்கித் தரும் ஊட்டப்பகுதி. உழைப்பவனுக்கு உணவு எப்படியோ, ஒலிப்பகுதிக்கு ஊட்டப்பகுதி அப்படி. உணவு நின்றால் உழைப்பும் நிற்கும்.

காரின் பாட்டரியிலேயே மின்சாரம் இருக்கிறதே. தனியாக ஓர் ஊட்டப்பகுதி எதற்கு என்னும் ஐயம் எழலாம். பாட்டரி தருவது ஏறத்தாழ 12 வோல்ட்டு. எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டு அளவிற்கு உயரும். ஒலிபெருக்கியின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம் ஆகும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும் என்பது பௌதிகப் பாடம். 100 வாட்டுத் திறன் வேண்டுமாயின் 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 20 வோல்ட்டு தேவை. 20-ஐ 20-ஆல் பெருக்கினால் 400. அதனை 4-ஆல் வகுத்தால் 100. ஆனால் ஒலியைச் சுமந்து வரும் மின்சாரம் அலை போல் ஏறியும் இறங்கியும் வருவது. 20 வோல்ட்டுக்கு ஈடான அலையின் உச்சி 28 வோல்ட்டைக் கடந்து நிற்கும். அலை மேலே எழுவது போலவே கீழேயும் தாழும். ஆகவே நேர்ப்பக்கத்தில் 30 வோல்ட்டும், எதிர்ப்பக்கத்தில் 30 வோல்ட்டும் இருந்தாலன்றி 100 வாட்டு ஓசையைச் சிதைவின்றிப் பெறுதல் இயலாது. 12 வோல்ட்டை நேராகப் பயன்படுத்தினால், எவ்வளவு திறமையாக அமைத்தாலும் 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 18 வாட்டு அளவே தர முடியும். பன்னிரண்டை முப்பதாக்கும் பணியே ஊட்டப்பகுதியின் பணி.

இத்தேவை புதியதன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ஆம் ஆண்டில் மோட்டரோலா என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அக்காலத்து வானொலிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. அக்குழாய்களுக்குப் பாட்டரியின் மின்னழுத்தத்தைப் போல் பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்பட்டது. நேர்த்திசை மின்னோட்டத்தை மின்மாற்றியால் உயர்த்த முடியாது. ஏறி இறங்கும் மின்னோட்டத்தையே அது உயர்த்தும். எனவே, அதிர்வி என்னும் சிறு கருவியை அமைத்தனர். அதில் உள்ள மெல்லிய உலோகத் தகடு விரைந்து அதிர்ந்து, பாட்டரியின் மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் வந்தது. அவ்வாறு துண்டுபட்ட மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தியது. ஆனால், ஓயாது அதிரும் தகட்டின் முனைகள் தேய்ந்து கரிந்தன. அதிர்வியைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1947-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் தோன்றியது. 1955-இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன வானொலி அமெரிக்கக் காரில் இடம்பெற்றது. பின்னர், அசையும் தகடு செய்த வேலையை அசையாத டிரான்சிஸ்டரே செய்யலாயிற்று. கருவி மாறியது, வழி மாறவில்லை. நேர்த்திசை மின்னோட்டத்தைத் துண்டாடி, உயர்த்தி, மீண்டும் நேராக்குதல் என்னும் அவ்வழியே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

இன்றைய ஊட்டப்பகுதியின் அமைப்பு வருமாறு: பாட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்று பெருக்கிக்கு வருகிறது. மற்றொரு தடித்த கம்பி வண்டியின் இரும்பு உடலோடு இணைகிறது, இதுவே நிலக்கம்பி. மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி உண்டு. வண்டியின் வானொலியைத் திருப்பியதும் இக்கம்பி வழியாகப் பெருக்கிக்கு, ‘எழுக’ என்னும் ஏவல் வருகிறது. ஏவல் வந்ததும், சிறு சில்லு ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை கட்டளைத் துடிப்புகளை அனுப்பத் தொடங்குகிறது. டி.எல். 494 என்னும் சில்லு பல பெருக்கிகளில் இப்பணியைச் செய்கிறது. அத்துடிப்புகளுக்கு ஏற்ப, மாஸ்பெட் என்னும் வகையைச் சேர்ந்த டிரான்சிஸ்டர்கள் இரண்டு அணிகளாக நின்று மாறி மாறித் திறந்து மூடுகின்றன.

ஒரே உரலில் இருவர் நெல் குத்துவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். ஒருவர் உலக்கை எழும்போது மற்றவர் உலக்கை விழும். இரண்டும் ஒருங்கே விழுந்தால் ஒன்றோடொன்று மோதும். அவ்வாறே, டிரான்சிஸ்டரின் ஓர் அணி திறந்திருக்கும்போது மற்றோர் அணி மூடியிருத்தல் வேண்டும். இங்ஙனம் மாறி மாறிச் செல்லும் மின்னோட்டம், வளையம் போன்ற மின்மாற்றியின் வழியே சென்று உயர்வடைகிறது. அதன்பின் டையோடுகள் அதனை நேராக்குகின்றன. மின்தேக்கிகள், ஏரி நீரைத் தேக்குவது போல் அதனைத் தேக்கி, அலைவின்றி ஒலிப்பகுதிக்கு வழங்குகின்றன.

இவற்றிற்கெல்லாம் காவலாக இருப்பது உருகி. பியூஸ் என்பது இதன் பேச்சு வழக்கு. பாட்டரியை ஒட்டியும், சில பெருக்கிகளில் பெட்டியின் மேலும் இது அமைந்திருக்கும். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது இதனுள் இருக்கும் மெல்லிய உலோகம் உருகி, வழியைத் துண்டித்துவிடும். தான் அழிந்து தன் வீட்டைக் காக்கும் காவலன் என இதனைக் கூறலாம். உருகி அறுபடுவது நோயன்று, நோயின் அறிகுறி. இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் கேட்டினைப் பின்வரும் எடுத்துக்காட்டால் அறியலாம்.

மயிலாப்பூரில் வாழும் ஒருவர் தம் குடும்பத்தோடு காரில் அடையாற்றுக்குச் செல்கிறார் என்று கொள்க. இராமகிருஷ்ண மடம் சாலையில் செல்லும்போது, அதுவரை இசைத்துக்கொண்டிருந்த பெட்டி திடீரென்று பேச்சற்றுப் போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கும்போது 30 ஆம்பியர் உருகி அறுந்திருக்கிறது. புதிய உருகியைப் பொருத்துகின்றனர். பொருத்திய அக்கணமே அதுவும் அறுந்துவிடுகிறது. அருகில் இருந்த ஒருவர், உதவும் எண்ணத்தோடு, உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார். கம்பி உருகவில்லை. ஆனால் பெருக்கிக்குச் செல்லும் நீண்ட கம்பியே கொதிப்பேறி, அதன் மேலுறையிலிருந்து புகை எழுகிறது. உடனே பாட்டரியின் இணைப்பைக் கழற்றியதால் வண்டி பிழைத்தது. சற்றே தாழ்த்திருந்தால் இருக்கையின் கீழ் தீப்பற்றியிருக்கும். இருக்கையின் மேல் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். குற்றத்தைக் கண்டு கூவிய காவலனை வாய் கட்டிய பிழைக்கு அவர்கள் பெருவிலை கொடுத்திருக்கக்கூடும்.

சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கவும் பழுது நீக்கவும் பெயர் பெற்ற இடம் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு. அதனைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு முதலியவற்றிலும் சிறு சிறு கடைகள் நெருங்கி நிற்கும். ஒரு டையோடு முதல் ஒரு மின்மாற்றி வரை அங்கே வாங்கலாம். மறுநாள் அப்பெட்டி அங்குள்ள கைதேர்ந்த தொழிலாளர் ஒருவரிடம் சேர்கிறது. அவர் உடனே பற்றவைக்கும் கோலை எடுக்கவில்லை. முதலில் உடையவரை வினவுகிறார்.

“உருகி எப்போது அறுகிறது ஐயா? வானொலியைத் திருப்பிய பிறகா, திருப்பும் முன்பேயா?”

“திருப்புவதற்கு முன்பே அறுந்துவிடுகிறது.”

“இதற்குமுன் ஓசை விட்டுவிட்டு வந்ததுண்டா?”

“உண்டு. ஒரு மாதமாக இடப்பக்கத்து ஓசை இடையிடையே நின்று நின்று வந்தது.”

இவ்விரண்டு விடைகளும் பாதி வழியைக் காட்டிவிட்டன. ஏவற்கம்பி உயிர்பெறும் முன்பே உருகி அறுமானால், சில்லும் துடிப்பும் தொழிற்படும் முன்பே மின்னோட்டம் குறுக்கு வழியில் நிலத்தை அடைகிறது என்பது பொருள். அவ்வாறு நேர்வதற்கு ஊட்டப்பகுதியின் டிரான்சிஸ்டர் குறுக்குப்பட்டிருக்கலாம். அல்லது பாட்டரியைத் தலைமாற்றி இணைத்தால் பெருக்கியைக் காப்பதற்கென்று வைத்த டையோடு குறுக்குப்பட்டிருக்கலாம். அதற்கு மாறாக, வானொலியைத் திருப்பிய பின்பே உருகி அறுமானால், ஐயம் மின்மாற்றிக்கு அப்பால் உள்ள டையோடுகளின் மீதும் ஒலிப்பகுதியின் மீதும் செல்லும்.

அடுத்து, பெட்டியின் மூடியைக் கழற்றுகிறார். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தை ஒரு மின்தடையின் வழியே வடியச் செய்தபின் கண்ணால் நோக்குகிறார். கருகிய இடம் உண்டா, மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் கீறல் உண்டா, டிரான்சிஸ்டரை அலுமினிய உடலோடு இறுக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அதன்பின் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கிறார். ஓர் அணியில் உள்ள டிரான்சிஸ்டர் ஒன்றின் கால்களுக்கு இடையே மின்தடை ஏறத்தாழச் சுழியாக இருக்கிறது. திறந்து மூட வேண்டிய கதவு, மூடவே முடியாமல் திறந்து கிடக்கிறது. உருகி அறுந்த காரணம் வெளிப்பட்டுவிட்டது.

அறியாதவர் இங்கே நிறுத்திக்கொள்வர். அந்த டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவர். அது சில நாளில், அல்லது சில நொடியில், மீண்டும் எரியும். அறிந்தவரோ, ‘இந்த டிரான்சிஸ்டர் எதனால் மாண்டது?’ என்று அடுத்த வினாவை எழுப்புகிறார். தாங்க இயலாத சுமையே காரணம் எனின், சுமையைத் தந்தது எது? அவர் மின்மாற்றியைக் கடந்து டையோடுகளை அளக்கிறார். அவை நன்றாக உள்ளன. ஒலிப்பகுதியை அளக்கிறார். வலப்பக்கம் நன்றாக உள்ளது. இடப்பக்கத்தின் டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்குப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்து ஓசை விட்டுவிட்டு வந்ததாக உடையவர் சொன்னது நினைவிற்கு வருகிறது.

இப்பொழுது அவர் பெட்டியை இரு கூறாகப் பிரித்துச் சோதிக்கிறார். பழுதுற்ற ஒலி டிரான்சிஸ்டரையும் அதன் துணையையும் முதலில் கழற்றிவிடுகிறார். ஊட்டப்பகுதியில் பழுதான அணியின் டிரான்சிஸ்டர்கள் அனைத்தையும் ஒரே வகையினவாக மாற்றுகிறார். அவற்றிற்குத் துடிப்பைக் கொண்டுவரும் சிறு மின்தடைகளையும் அளந்து, கெட்டவற்றை நீக்குகிறார். டிரான்சிஸ்டருக்கும் அலுமினிய உடலுக்கும் இடையே காப்புத் தகட்டை வைத்துத் திருகை இறுக்குகிறார். வெப்பம் வெளியேற வழியில்லாவிடில் புதிய டிரான்சிஸ்டரும் நெடுநேரம் நிலைக்காது.

பெட்டியைப் பாட்டரியோடு நேராக இணைக்கவும் அவர் விரைவதில்லை. காரின் முகப்பு விளக்கில் உள்ள 12 வோல்ட்டு, 55 வாட்டு விளக்கு ஒன்றை வழியில் தொடராக இணைக்கிறார். பெட்டியில் இன்னும் குறுக்குப் பழுது இருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரியும். அதன் வழியே ஏறத்தாழ நாலரை ஆம்பியருக்கு மேல் செல்லாது. புதிய பொருள்கள் பெரும்பாலும் தப்பும். பழுது இல்லையாயின், மின்தேக்கிகள் நிரம்பும் வரை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டி, பின் மங்கிவிடும். விளக்கு சிமிட்டி மங்குகிறது. மல்டிமீட்டரில் நேர்ப்பக்கம் 30, எதிர்ப்பக்கம் 30 என்று இரண்டும் ஒத்து நிற்கின்றன. ஊட்டப்பகுதி நலம் பெற்றது. அதன் பிறகே ஒலிப்பகுதியில் புதிய டிரான்சிஸ்டர்களை வைத்து, மீண்டும் விளக்கின் வழியே சோதிக்கிறார். ஒலிபெருக்கியை இணைக்கும் முனைகளில் நேர்த்திசை மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழியாக இருப்பதையும் பார்த்துக்கொள்கிறார். அது மிகுந்திருந்தால் ஒலிபெருக்கியின் சுருள் கருகிவிடும்.

பெட்டி பேசுகிறது. ஆயினும் வேலை முடியவில்லை. ஒலி டிரான்சிஸ்டர் எதனால் மாண்டது என்னும் வினா எஞ்சியிருக்கிறது. தொழிலாளர் எழுந்து காரின் அருகே செல்கிறார். இடப்பக்கத்துக் கதவில் உள்ள ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைக் கீலின் அருகே தடவிப் பார்க்கிறார். கதவைத் திறந்து மூடுந்தோறும் இரும்பின் விளிம்பில் உராய்ந்து, கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிகிறது. அச்செம்பு வண்டியின் உடலைத் தொட்டபோதெல்லாம் ஓசை நின்றது. விட்டபோது மீண்டும் வந்தது. பெருக்கியின் காப்புச் சுற்று பலமுறை காத்தது. ஒருநாள் காக்க இயலவில்லை. தேய்ந்த கம்பி ஒலி டிரான்சிஸ்டரைக் கொன்றது. அதன் சுமை ஊட்டப்பகுதியின் டிரான்சிஸ்டரைக் கொன்றது. அதனால் உருகி அறுந்தது. பழுதின் வேர் பெட்டிக்குள் இல்லை. கதவின் கீலில் இருந்தது. சில முழம் புதிய கம்பியும், அதன் மேல் ஒரு ரப்பர்க் குழாயும், உரிய அளவுடைய 30 ஆம்பியர் உருகியும் அந்நோயை முற்றும் தீர்த்துவிட்டன.

சென்னையின் வண்டிகளுக்கு வேறொரு பகையும் உண்டு. கடற்காற்றில் உள்ள ஈரமும் உப்பும் இரும்பை விரைவில் துருவாக்கும். நிலக்கம்பியை இறுக்கிய இடத்தில் துரு ஏறினால் மின்னோட்டத்திற்குத் தடை உண்டாகும். பாட்டரியில் 12 வோல்ட்டு இருந்தும் பெருக்கியை அடைவது குறைந்துவிடும். பெட்டி அடிக்கடி நின்று நின்று இயங்கும். அவ்விடத்தைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்கினாலே போதும். பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. வண்டிகள் பல நீரில் மூழ்கின. பெருக்கி இருக்கையின் கீழோ பின்பெட்டியிலோ இருப்பதால் வெள்ளம் அதனை எளிதில் அடையும். நீரில் நனைந்த பெட்டியை, வெளியே உலர்ந்துவிட்டது என்று எண்ணி இயக்குதல் கூடாது. உள்ளே படிந்த சேறு மின்னோட்டத்திற்குத் தவறான வழிகளைத் திறந்துவிடும். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்னர்ச் சேற்றை நீக்கி, நன்கு உலர்த்தி, சோதித்த பிறகே இயக்க வேண்டும்.

மாணவர் இத்தகைய வேலையைத் தாமே செய்ய முற்படலாகாது. அறிந்தோர் உடனிருக்கவே கற்றல் வேண்டும். 12 வோல்ட்டு உடலைத் தாக்காது என்பது உண்மையே. ஆயினும், பாட்டரியின் இரு முனைகளையும் ஓர் இரும்புக் கருவி தொட்டுவிட்டால் பாயும் மின்னோட்டம் அக்கருவியைச் செந்தழலாக்கிவிடும். விரலில் மோதிரம் இருந்தால் விரலையும் சுடும். பெருக்கியின் உள்ளே நேர்ப்பக்கத்திற்கும் எதிர்ப்பக்கத்திற்கும் இடையே உள்ள 60 வோல்ட்டோ உடலையும் தாக்கவல்லது.

உடலின் பிணிக்கு மருந்து கூற வந்த திருவள்ளுவர், பிணி இன்னதென்று அறிந்தபின் அதன் காரணத்தையும் அறிந்து, தீர்க்கும் வழியையும் தேர்ந்து செயற்பட வேண்டும் என்று மருத்துவனுக்கு முறை வகுத்தார். உயிரற்ற கருவிக்கும் அம்முறையே பொருந்துகிறது. அறுந்ததை மாற்றுதல் எளிது. அது அறுந்ததற்குக் காரணம் காணும் வரை அமையாதிருத்தலே அரிது. பேசாத பெட்டியும், கேட்கத் தெரிந்தவரிடம் தன் குறையைச் சொல்லவே செய்கிறது.